அம்பர் ஏல்: கேரமலா, வெண்ணெயா?

வணக்கம், பினாங்கு நண்பர்களே. ஜார்ஜ்டவுனில் குழாயிலிருந்து ஊற்றிய ஒரு கிராஃப்ட் அம்பர் ஏலுக்கு (சிறு பீர் ஆலையின் செம்பு நிற பீர்) மதிப்பெண் போட உதவி தேவை. மதிப்பெண் தாள் வழக்கமான 50தான்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, ஒட்டுமொத்தம் 10.

செம்பு நிறம், நுரை நிற்கிறது, தோற்றத்துக்கு 3. சிக்கல் மணத்தில். 4 டிகிரியில் ஒன்றும் தெரியவில்லை (அந்தக் குளிரில் எந்த ஏலும் ஊமைதான்). 10 டிகிரி வந்ததும் வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசம். கேரமல் மால்ட் (முளைகட்டி வறுத்த பார்லி) என்றால் டாஃபி, காய்ச்சிய சர்க்கரை மாதிரி வரும், இனிப்பும் கூடவே இருக்கும். இதில் இனிப்பு குறைவு, நாக்கில் வழுவழுப்பு. டையசிட்டைல் (நொதிக்கும்போது உண்டாகும் வெண்ணெய் வாசப் பொருள்) என்றே சந்தேகம்.

ஈஸ்ட் அதைத் திரும்ப உறிஞ்சுமுன் பீரைக் குளிரவைத்தால் தங்கிவிடும். அது புரூவரி (பீர் ஆலை) தவறு. கழுவாத குழாயில் பாக்டீரியா வளர்ந்தாலும் வரும், லேசான புளிப்போடு. அது கடைத் தவறு. புளிப்பு இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதே ஏலை டின்னில் வைத்திருப்பவர்கள் 100 மில்லி ஊற்றி, கிளாஸை உள்ளங்கையால் மூடிச் சுழற்றி முகர்ந்து சொல்லுங்கள்; டின்னிலும் அதே வெண்ணெய் வாசம் வந்தால் புரூவரி மேல்தான் சந்தேகம், வராவிட்டால் கடைக் குழாய் மேல். நாசி கண்டார் (குழம்புச் சோறு) சாப்பிட்ட கையோடு வேண்டாம். டின் அடியில் உள்ள தேதியையும் போடுங்கள்.