கன்னுக்குட்டியக் காட்டுல போடலாமா, புதைக்கோணுமா

குழு: தோட்டத்துச் சொந்தங்கள்

பழனிச்சாமி, காலை 6:12
ராத்திரி சிறுத்தை வந்துருக்குது. செவலையோட கன்ன கட்டுத்தாரையில இருந்து இழுத்துட்டுப் போயி ஓடைக்கரையில போட்டுருக்குது. பாதி தின்னுருக்குது. மீதி அப்படியே கெடக்குது.

பழனிச்சாமி, 6:13
[படம்]

மஞ்சுளா அத்தை, 6:20
அய்யோ சாமி. கிடேரிக் கன்னுன்னு எவ்வளவு ஆசையா வளத்துனீங்க. பாக்கவே முடியல அண்ணா.

சாந்தி, 6:24
செவலை கத்துன கத்தல்லதான் எந்திரிச்சோம். இன்னும் நிறுத்தல. பக்கத்துல போனா முட்ட வருது.

பிரபு, 6:31
அப்பா, மிச்சத்த அங்கயே விடுங்க. தின்ன ருசிக்கு அது இன்னைக்கு ராத்திரி திரும்ப வரும். குருணை மருந்த மேல தூவி வெச்சரலாம். போன மாசம் ஆடு, இப்பக் கன்னு. இன்னும் எத்தனைக்குப் பொறுத்துட்டு இருக்கறது?

கவிதா, 6:33
பிரபு வேண்டாம். மருந்து வெக்கற பேச்சே வேண்டாம். சித்தப்பா, நான் மறுபடி சொல்ற வரைக்கும் அந்தக் கன்ன யாரும் தொடாம பாத்துக்கோங்க. எடத்தை விட்டு நகத்தவும் வேண்டாம்.

பிரபு, 6:35
அக்கா, நீங்க மாட்டு ஆஸ்பத்திரில உக்காந்துட்டு சொல்லுவீங்க. நாங்க இங்க ராத்திரி தூங்கறதில்ல.

கவிதா, 6:44
உன் கோவம் எனக்குப் புரியுது தம்பி. நானும் அந்தக் கட்டுத்தாரையில வளந்தவதான். ஆனா வெசம் வெச்சா சிறுத்தை மட்டும் சாகாது. ராத்திரி அது வர்றதுக்கு முன்னாடி பகல்லயே செத்ததத் திங்கற பாறுக் கழுகு எறங்கிரும். மாயாத்துப் பள்ளத்தாக்குல இருந்து நம்ம ஓடை அதுங்களுக்கு ஒரு தூரமே இல்ல. ஒரு பறவை கீழ எறங்கினா அதப் பாத்துட்டு இன்னொண்ணு, அதப் பாத்து இன்னொண்ணுன்னு கூட்டமா வந்து திங்கற சாதி அது. 2022 மார்ச்சுல அசாம் காமரூப் மாவட்டத்துல இப்படித்தான் வெசம் வெச்ச செத்த ஆட்டைத் தின்னு 97 பாறு ஒரே எடத்துல செத்து விழுந்துச்சு. வெச்சவங்க நெனச்சது நாயைக் கொல்றதுக்கு.

கவிதா, 6:46
நம்ம பக்கம் மொத்தமே எத்தனை இருக்குன்னு தெரியுமா? 2023 பிப்ரவரியில தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணு வனத்துறையும் ஒரே நேரத்துல எண்ணினாங்க. 246. அப்ப மூணு மாநிலத்துக்கும் சேத்து அவ்வளவுதான் இருந்துச்சு. அதுல பெரும்பாலானது நம்ம மாயாறு, முதுமலை, பந்திப்பூர், வயநாடு காட்டுலதான் இருக்குது. அசாம்ல ஒரு நாள்ல செத்தது இங்க நடந்தா மீதி என்ன இருக்கும்?

பழனிச்சாமி, 6:50
மருந்தெல்லாம் யாரும் வெக்கல. பிரபு ஆத்தரத்துல சொல்றான். பாரஸ்ட்டுக்குப் போன் பண்ணிட்டேன். ஒம்பது மணிக்கு வர்றேன்னாங்க.

கவிதா, 6:52
நல்லதுங்க சித்தப்பா. அவங்களும் நம்ம கால்நடை டாக்டரும் கன்ன கெடந்த எடத்துலயே பாத்து எழுதினாத்தான் நஷ்டஈடு கெடைக்கும். பல்லு பட்ட கழுத்து, இழுத்துட்டுப் போன தடம், கால் தடம் எல்லாம் படம் எடுத்து வெச்சுக்கோங்க. தடத்துப் பக்கத்துல தீப்பெட்டிய வெச்சு எடுங்க, அளவு தெரியும்.

பிரபு, 6:58
செரி, மருந்து வெக்கல. எழுதி முடிச்சதும் அப்படியே காட்டோரம் இழுத்து விட்டுர்றோம். கழுகாவது தின்னுட்டுப் போகட்டும்.

கவிதா, 6:59
அதுதான் நல்லது. காட்டோரத்துல சாகற மாட்ட அதுங்களுக்கு விடறதுதான் காலங்காலமா நடந்தது.

சாந்தி, 7:05
பாவம் அந்தக் கன்னு ஓடக்கூட முடிஞ்சிருக்காது. முந்தாநாள்தான் முன்னங்கால் வீங்கி நொண்டுச்சுன்னு ஊசி போட்டு விட்டோம்.

கவிதா, 7:06
சித்தி, என்ன ஊசி? யார் போட்டாங்க?

சாந்தி, 7:09
டாக்டர் அன்னைக்கு இல்ல. ஊருக்குள்ள மாட்டுக்கு ஊசி போடறவர் வந்து போட்டாரு. வலிக்கும் வீக்கத்துக்கும்னு சொன்னாரு. பாட்டில் இன்னும் மாடத்துல இருக்குது.

கவிதா, 7:09
லேபிள் தெரியற மாதிரி படம் எடுத்துப் போடுங்க சித்தி. இப்பவே.

சாந்தி, 7:15
[படம்]

கவிதா, 7:18
கீட்டோப்ரோஃபென். தயாரிப்பு 2023 மார்ச். கால்நடைக்கு இத விக்கவே கூடாதுன்னு 2023 ஜூலையில மத்திய அரசு தடை போட்டுருச்சு. பழைய சரக்கு எங்கயோ தங்கியிருந்து வந்துருக்குது.

சித்தப்பா, அந்தக் கன்ன காட்டோரம் போடக்கூடாது. எழுதி முடிச்ச உடனே ஆழமா குழி தோண்டிப் புதைச்சுருங்க. ஆள் ஒசரத்துக்குக் கொறையாம தோண்டோணும், மேல சுண்ணாம்பு போட்டு மூடோணும். அதுவரைக்கும் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சு யாராவது காவலுக்கு நில்லுங்க. மேல இருந்து பறவை கண்ணுல படக்கூடாது.

பிரபு, 7:21
அக்கா, இப்பத்தான் கழுகுக்கு விடறது நல்லதுன்னு சொன்னீங்க. வெசம் வெக்கலையே. மாட்டுக்குப் போட்ட வலி ஊசிதானே?

கவிதா, 7:22
அந்த மாதிரி வலி ஊசிதான் தம்பி இந்தியாவுல பாறுக் கழுகையே அழிச்சது. கொஞ்சம் பெருசா எழுதறேன், இரு.

கவிதா, 7:41
1990 வாக்குல வரைக்கும் நம்ம நாட்டுல பாறு கோடிக்கணக்குல இருந்துச்சு. ஊருக்கு வெளிய மாட்டத் தூக்கிப் போட்ட எடமெல்லாம் அதுங்கதான். ராஜஸ்தான் பரத்பூர் சரணாலயத்துல மரத்துக்கு மரம் கூடு. 90களோட பின்பாதியில விபு பிரகாஷ்ங்கற ஆராய்ச்சியாளர் அங்க போயி பாத்தப்ப கூடு காலியா கெடக்குது, பறவைங்க கழுத்து தொங்கிப் போயி கிளையில உக்காந்தபடியே செத்துட்டு இருந்துச்சு. என்ன சீக்குன்னு யாருக்கும் தெரியல. வைரஸா இருக்கும்னு ரொம்ப நாள் தேடுனாங்க.

பாகிஸ்தான்ல லிண்ட்சே ஓக்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் செத்த பறவைகள அறுத்துப் பாத்தாங்க. ஈரல், இருதயம், கிட்னி மேலெல்லாம் வெள்ளையா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி உப்பு படிஞ்சிருந்துச்சு. யூரிக் அமிலம். கிட்னி வேலை செய்யாம நின்னு போனாத்தான் அப்படிப் படியும். செத்த மாடுதான் அதோட சாப்பாடு, அப்ப மாட்டுக்குப் புதுசா என்ன மருந்து குடுக்கறாங்க, அதுல கிட்னியக் கெடுக்கறது எதுன்னு மாட்டு டாக்டர்ககிட்டயும் மருந்துக் கடையிலயும் விசாரிச்சாங்க. டைக்ளோஃபெனாக்குங்கற வலி மருந்து மாட்டுச்சு. 2004ல அந்த ஆராய்ச்சி வெளிவந்துச்சு.

அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. 1992ல இருந்து 2007க்குள்ள வெண்முதுகுப் பாறு ஆயிரத்துல ஒண்ணுதான் மிஞ்சுச்சு.

மஞ்சுளா அத்தை, 7:46
கவிதா, எனக்கு மூட்டு வலிக்கு டாக்டர் அதே டைக்ளோஃபெனாக்தானே குடுக்கறாரு? மாட்டுக்கும் போட்டா வீக்கம் வத்துதே, பால் குடுக்குதே. அந்தப் பறவைக்கு மட்டும் ஏன் இப்படி?

கவிதா, 7:55
நமக்கும் மாட்டுக்கும் அது ஒடம்புல இருந்து சீக்கிரம் கழிஞ்சுரும் அத்தை. பாறுக்கு அது கழியாது. ஒரு வேளை தின்னாப் போதும், ரெண்டு மூணு நாள்ல கிட்னி நின்னுரும். ஆந்த்ராக்ஸ்ல செத்த மாட்டத் தின்னாலும் செரிக்கிற வயிறு அதுக்கு. அழுகினது, புழுத்தது எதுவும் ஒண்ணும் பண்ணாது. மனுசன் கண்டுபிடிச்ச மருந்துதான் கொல்லுது.

இன்னொரு விசயம். எல்லா மாட்டுலயும் மருந்து இருக்கோணும்னு கூட இல்ல. நூறு மாடு செத்தா அதுல ஒண்ணுல இருந்தாலே அந்த இனம் அழிஞ்சு போகப் போதும்னு கணக்குப் போட்டிருக்காங்க, அதுக்கும் கம்மியாக் கூட. ஒரு மாட்டுல ஒரே நேரத்துல பல பறவை திங்கறதுதான் காரணம். அதோட வருசத்துக்கு ஒரே ஒரு முட்டை, அந்தக் குஞ்சு பெருசாகி ஜோடி சேர அஞ்சு வருசம் ஆகும். செத்தது திரும்பி வர எத்தனை காலம் ஆகும் பாருங்க. அதனாலதான் நம்ம ஒரு கன்னுக்கு நான் இவ்வளவு பதர்றேன்.

பழனிச்சாமி, 8:02
ஓடைக்குப் போயி தார்ப்பாய் போட்டாச்சு. பிரபு அங்க நிக்கறான். மானத்துல ஒண்ணையும் காணோம்.

சாந்தி, 8:10
ஆத்தா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் படிச்சுக் காட்டச் சொல்றாங்க. அவங்க சொல்றத அப்படியே எழுதறேன்:

“பஞ்சத்துல மாடு செத்தா பாறைக்காட்டுல கொண்டுபோயி போடுவோம். காலையில போட்டா பொழுதோட எலும்புதான் கெடக்கும். நாத்தமே இருக்காது. அப்பறம் எலும்பு பொறுக்கறவங்க வண்டி கட்டிட்டு வருவாங்க. ரெக்கைய விரிச்சுட்டு பாறை மேல வரிசையா வெயில் காயும், நாங்க ஆடு மேய்க்கற புள்ளைங்க கிட்டப் போயிப் பாப்போம். எப்ப இல்லாமப் போச்சுன்னே தெரியல கண்ணு.”

கவிதா, 8:14
ஆத்தா சொல்றத கேக்க நெஞ்சு கனக்குது. திருக்கழுக்குன்றத்துல உச்சிக்கால பூசைக்கு ரெண்டு கழுகு வந்து பொங்கல் திங்குமே, அதுவும் பாறு இனந்தான். மஞ்சள்முகப் பாறு. 90களோட கடைசியில அதுவும் வர்றது நின்னு போச்சு.

மஞ்சுளா அத்தை, 8:20
இப்ப நம்ம ஊருப் பள்ளத்துல செத்த ஆடு மாடு போட்டா நாய்தான் கூடுது. நம்ம பேத்திய பள்ளிக்கூடம் போற வழியில தொரத்தி, பால்காரர் வந்து காப்பாத்துனாரு. அந்தப் பக்கம் நடக்கவே பயமா இருக்குது.

கவிதா, 8:31
அத்தை, அதையும் இதோட சேத்துத்தான் பாக்கோணும். பாறு இல்லாமப் போனதும் பொணம் நாய்க்கும் எலிக்கும் போச்சு. நாய் பெருகுச்சு, வெறிநாய்க்கடி பெருகுச்சு. செத்த மாட்டு அழுகல் மழையில ஓடைக்கும் கெணத்துக்கும் எறங்குச்சு. ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளருங்க பாறு முன்ன நெறைய இருந்த மாவட்டத்தையும் இல்லாத மாவட்டத்தையும் ஒப்பிட்டு 2024ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 2000ல இருந்து 2005க்குள்ள மட்டும் அஞ்சு லட்சம் பேர் கூடுதலாச் செத்திருக்காங்கன்னு அவங்க கணக்கு. மாட்டு வலிக்கு மலிவா ஒரு ஊசின்னு ஆரம்பிச்சது அங்க போயி நின்னுருக்குது.

பிரபு, 8:37
அக்கா ஒரு கேள்வி. 2004லயே தெரிஞ்சு போச்சுன்னா இன்னும் எப்படி கடையில இருக்குது?

கவிதா, 8:52
நல்லாக் கேட்ட. மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் விக்கக் கூடாதுன்னு 2006லயே தடை. ஆனா மனுசனுக்குன்னு 30 மில்லி பாட்டில்ல அதே மருந்து வந்துட்டே இருந்துச்சு. மனுசனுக்கு ஒரு ஊசிக்கு 3 மில்லி போதும், 30 மில்லி யாருக்கு? மாட்டுக்குத்தான். 2015லதான் மனுச மருந்து 3 மில்லிக்கு மேல ஒரு குப்பியில வரக்கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. அதுக்குப் பதிலா அசிக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென்னு வேற மருந்துக்கு மாறிட்டாங்க. அசிக்ளோஃபெனாக் மாட்டு ஒடம்புக்குள்ள போனதும் டைக்ளோஃபெனாக்காவே மாறுது. ரெண்டையும் 2023ல நிறுத்துனாங்க. நிமிசுலைட் 2024 கடைசியில. ஒவ்வொரு தடவையும் பறவை செத்து, ஆராய்ச்சி பண்ணி, அப்பறம் தடை. புது மருந்து வெளிய வர்றதுக்கு முன்னாடியே பாறுக்கு ஆகுமான்னு சோதிச்சுட்டு விட்டா என்னன்னு எனக்கு ஆத்தாமையா இருக்குது. இந்த வேலையில இருக்கறவளா சொல்றேன், எங்களுக்கு அந்த மருந்தில்லாம முடியாதுங்கறதே இல்ல. மெலாக்சிகாம் இருக்குது. டோல்ஃபினாமிக் அமிலம் இருக்குது. ரெண்டும் பாறுக்குப் பாதுகாப்புன்னு சோதிச்சுப் பாத்தது.

பிரபு, 8:55
வெல எச்சா இருக்குமா?

கவிதா, 8:57
மெலாக்சிகாம் இப்ப எல்லாக் கடையிலயும் கெடைக்குது, பெரிய வித்தியாசம் இல்ல. ஊசி போடறவர்கிட்ட நம்மதான் வாய் விட்டுக் கேக்கோணும். “என்ன ஊசி, பாட்டிலக் காட்டுங்க”ன்னு கேளுங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

பழனிச்சாமி, 11:20
பாரஸ்ட்டரும் டாக்டரம்மாவும் வந்து பாத்து எழுதி, கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க. ஊசி பத்திச் சொன்னேன். டாக்டரம்மாவும் பொதைக்கத்தான் சொன்னாங்க. பாட்டிலையும் வாங்கிட்டாங்க, எங்க வாங்குனதுன்னு விசாரிக்கறாங்களாம். பக்கத்துத் தோட்டத்து ஜேசிபி வருது.

சாந்தி, 11:24
செவலைக்கு மடி கல்லு மாதிரி இருந்துச்சு. டாக்டரம்மா பீச்சி விட்டு மருந்து குடுத்தாங்க. இப்பத்தான் கொஞ்சம் தண்ணி குடிச்சுது.

கவிதா, 11:26
ரெண்டு வேளையும் விடாம பீச்சிருங்க சித்தி, இல்லைன்னா மடிநோய் வந்துரும். சித்தப்பா, கட்டுத்தாரைக்கு மேலயும் கம்பிவலை அடிக்கோணும். சிறுத்தை சுவரேறிக் குதிக்கும், சைடுல மட்டும் அடிச்சாப் பத்தாது. நான் பாதிப் பணம் அனுப்பறேன்.

பழனிச்சாமி, 11:30
பணம் கெடக்கட்டும் சாமி. நீ வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போ, ஆத்தா கேக்குது.

பிரபு, பகல் 1:48
குழி மூடியாச்சு. சுண்ணாம்பு ரெண்டு மூட்டை போட்டோம், நாய் தோண்டாம மேல முள்ளு வெட்டிப் போட்டிருக்குது.

பிரபு, 1:50
அக்கா, கூடாத மருந்து, ஆகற மருந்து ரெண்டு பேரையும் தமிழ்ல தனித்தனியா எழுதி அனுப்புங்க. பால் சொசைட்டிக் குழுவுல போடறேன். சாயங்காலம் பால் ஊத்த வர்றவங்ககிட்டயும் நேர்ல சொல்லிர்றேன்.

கவிதா, 1:58
கூடாதது: டைக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக், நிமிசுலைட். ஃப்ளுனிக்சினும் வேண்டாம், அதுலயும் பாறு செத்திருக்குது.
ஆகறது: மெலாக்சிகாம், டோல்ஃபினாமிக் அமிலம். எதுவானாலும் டாக்டர் சொன்ன அளவுதான்.
கூடாத ஊசி போட்ட மாடு சில நாளைக்குள்ள செத்துப் போனா வெளிய போடாம பொதைக்கோணும், இதையும் சேத்துப் போடு.

பிரபு, 2:03
போட்டுட்டேன். அதுக்குள்ள ரெண்டு பேர் பாட்டில் படம் அனுப்பிக் கேக்கறாங்க. உங்களுக்கு அனுப்பறேன், பாத்துச் சொல்லுங்க.