மாத்திரை சாப்பிடும் அம்மாவை இயற்கை மருத்துவத்துக்கு அழைத்துப் போகலாமா?

செந்தூல்வாசி கேட்டது:
அம்மாவுக்கு 61 வயது. இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு. கிளினிக் கெசிஹாத்தானில் (மலேசிய அரசாங்கச் சுகாதார நிலையம்) சர்க்கரைக்கு மெட்ஃபோர்மின், கிளிக்லசைடு, கொதிப்புக்கு அம்லோடிபின் கொடுக்கிறார்கள். கொஞ்ச காலமாகப் பாதத்தில் மதமதப்பு. சொந்தக்காரர் ஒருவர் பத்து நாள் இயற்கை மருத்துவத் திட்டம் ஒன்றில் சேர்க்கச் சொல்கிறார். முதல் மூன்று நாள் பழச்சாறு மட்டும், பிறகு மண் பட்டி, நீராவிக் குளியல், சூடான கால் குளியல் என்று அட்டவணை இருக்கிறது. "முடியும்போது மாத்திரையே வேண்டாம்" என்றும் சொல்கிறார்கள். முதல் நாள் என்ன நடக்கும்? எதற்குத் தலையாட்டலாம், எதற்கு மறுக்க வேண்டும்?

நீர்சிகிச்சை_பினாங்கு எழுதியது:
முறையாகப் படித்தவரிடம் போனால் முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான், ஒரு மணி நேரம்கூட ஆகும். எத்தனை மணிக்குச் சாப்பாடு, நாளைக்கு எத்தனை தே தாரிக் (இனிப்புப் பால் தேநீர்), மலம் எப்படிப் போகிறது, தூக்கம், பழைய அறுவைச் சிகிச்சை என்று தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். ரத்த அழுத்தம், எடை, இடுப்புச் சுற்றளவு எடுப்பார்கள். மருந்துப் பையை அப்படியே கொண்டு போங்கள். கிளினிக் புத்தகத்தையும் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளையும் மறக்க வேண்டாம். அந்தத் தாளைக் கேட்காமலே திட்டத்துக்குப் பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். கண்ணின் கருவிழியைப் படம் பிடித்துச் சிறுநீரகக் கோளாறு கண்டுபிடிக்கிறேன் என்பவர்களும் உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது, பணம் கொடுக்காதீர்கள்.

மண் பட்டி அம்மாவுக்குப் பெரிய ஆபத்தில்லை. மூன்று நான்கு அடி ஆழத்தில் எடுத்த, உரமும் பூச்சிமருந்தும் படாத மண்ணை வெயிலில் காயவைத்துச் சலித்து, முதல் நாள் இரவே ஊறப்போடுவார்கள். துணியில் ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்பி, வெறும் வயிற்றில் இருபது முப்பது நிமிடம் அடிவயிற்றில் வைப்பார்கள். ஆளுக்கு ஆள் மண் மாற்றுகிறார்களா என்று கேளுங்கள். ஒரே மண்ணைச் சுற்றில் விடும் இடத்தில் தோல் நோய்தான் மிச்சம். அது நச்சை உறிஞ்சுகிறது என்பதெல்லாம் சும்மா. குளிர்ச்சியும் இதமும் உண்மை.

நீராவியில்தான் யோசனை வேண்டும். வெப்பம் ரத்தக் குழாயை விரிக்கும், அம்லோடிபினும் அதையேதான் செய்யும். இரண்டும் சேர்ந்தால் நீராவிப் பெட்டியை விட்டு எழும்போது அழுத்தம் சரிந்து தலை சுற்றும், சிலர் விழுந்தும்விடுவார்கள். டாக்டர் சரி என்றால் மட்டும் போகட்டும். அப்போதும் முன்னதாக ஒரு குவளை தண்ணீர், தலையில் ஈரத் துண்டு, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பக்கத்தில் ஓர் ஆள், எழுவதற்கு முன் கொஞ்சம் உட்கார்ந்திருத்தல். இதய நோய் இருந்தால் தொடவே கூடாது.

சூடான கால் குளியல் அவருக்கு வேண்டவே வேண்டாம். வழக்கமாகத் தண்ணீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். மதமதத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்ததே மறுநாள்தான் கண்ணில் படும், அதுவே ஆறாத புண்ணாகி நிற்கும்.

மருந்துக்கடை_பிரிக்பீல்ட்ஸ் எழுதியது:
எனக்குப் பயம் அந்த மூன்று நாள் சாறுதான். கிளிக்லசைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லித் தூண்டும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. ஆரஞ்சுச் சாறு குடித்ததும் சர்க்கரை ஏறும், இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கும், மாத்திரை வேலை செய்துகொண்டே இருக்கும். அதிகாலையில் வியர்வை, நடுக்கம், குழறும் பேச்சு. அதைப் பார்த்து "நச்சு வெளியேறுகிறது, இது குணமாகும் அறிகுறி" என்று யாராவது சொன்னால் கேட்காமல் விரலில் குத்திப் பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. கிளினிக்கில் போய் "இத்தனை நாள் உணவு குறையப் போகிறது" என்று முன்கூட்டியே சொன்னால் அளவை மாற்றித் தருவார்கள், நோன்பு மாதத்துக்குச் செய்வதைப் போலவே. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாக்லிஃப்ளோசின் வகை மாத்திரை சேர்ந்திருந்தால் இன்னும் கவனம். பட்டினியோடு அது சேரும்போது, சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரிந்தாலும் ரத்தம் அமிலமாகலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு வந்தால் நேரே மருத்துவமனை.

இன்னொன்று. மூன்று நான்கு நாளில் இரண்டு கிலோ குறைந்தது என்று மகிழ்வார்கள். ஈரலிலும் தசையிலும் சேமித்த மாவுச்சத்து கரையும்போது அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் போகும், முக்கால்வாசி அதுதான். நோயின் கட்டுப்பாட்டைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. பத்து நாளில் அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

செந்தூல்வாசி:
நன்றி அண்ணே. தாளில் கிரியேட்டினின் கொஞ்சம் கூட என்று எழுதியிருக்கிறது. சாறு பட்டியலில் பிலிம்பிங்கும் (நட்சத்திரப் பழம்) இருக்கிறது, இளநீரும் இருக்கிறது.

மருந்துக்கடை_பிரிக்பீல்ட்ஸ்:
கிரியேட்டினின் கூட என்றால் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம், அப்படியானால் சாறுத் திட்டமே வேண்டாம். பிலிம்பிங்கில் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய நரம்பு நச்சு ஒன்று இருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்புவரை போகும். அந்தப் பழத்தை வீட்டிலும் கொடுக்காதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அது தேங்கினால் இதயத் துடிப்பு தப்பும். பாகற்காய்ச் சாறும் குறைத்தே. கிளிக்லசைடோடு சேர்ந்து சர்க்கரையை இன்னும் இறக்கும்.

பட்டர்வொர்த்_தம்பி எழுதியது:
அக்கா, பதிவு விஷயமும் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் மன்றம் ஒன்று இருக்கிறது. சிகிச்சை தருபவரிடம் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், எந்தத் துறையில் பதிவு என்பதையும் படியுங்கள். இனிப்பு நீரைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் போடுவதே 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். "மாத்திரையே வேண்டாம்" என்பது துண்டுப் பிரசுரத்தில் அச்சாகியிருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம். அரசாங்க மருத்துவமனைகளிலும் பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவு இருக்கிறது. 2007இல் இங்கே கெப்பாலா பாத்தாஸ் மருத்துவமனையில்தான் முதலில் தொடங்கினார்கள்.

கையில் பொடி, லேகியம் எதுவும் கொடுத்தால் டப்பாவில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் டி (T) எழுத்தும் வரும் எண் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டினால் பொருளின் பெயர் வரும். பெயர் ஒத்துப்போகவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூட்டுவலி ஒரே நாளில் பறக்கிறது என்றால் உள்ளே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது சர்க்கரையை ஏற்றும். பல வாரம் சாப்பிட்டபின் சட்டென்று நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடும், அதனால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

நீர்சிகிச்சை_பினாங்கு:
தம்பி சொன்னது சரி. அக்கா, மண் பட்டி, மூச்சுப் பயிற்சி, நடை, சாப்பாட்டு மாற்றம் இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சாறையும் கால் குளியலையும் அட்டவணையில் அடிக்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத இடம் உங்கள் அம்மாவுக்கான இடம் இல்லை. முதல் வாரம் காலை வெறும் வயிற்றிலும், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை அளவைக் குறித்து, அந்தத் தாளை அடுத்த முறை கிளினிக்கில் காட்டுங்கள்.