சென்சார் இல்லா பிஎம்எஸ்எம்: லோடு இருந்தால் ஓப்பன் லூப்பிலிருந்து மாறும்போது நின்றுவிடுகிறது

கேள்வி
மோட்டார் பிஎம்எஸ்எம் (நிரந்தர காந்த சிங்க்ரோனஸ் மோட்டார்), ரோட்டார் கோணம் சொல்லும் சென்சார் கிடையாது: 750 வாட், 3000 ஆர்பிஎம், 4 ஜோடி துருவம், காந்தம் ரோட்டார் மேற்பரப்பில் ஒட்டியது. டிசி பஸ் 310 வோல்ட், பிடபிள்யூஎம் (இன்வெர்ட்டர் ஸ்விட்ச் துடிப்பு) 16 கிலோஹெர்ட்ஸ், டெட் டைம் (மேல், கீழ் ஸ்விட்ச்கள் இரண்டும் அணைந்திருக்கும் இடைவெளி) 1 மைக்ரோசெகண்ட். பேக் இஎம்எஃப் (காந்தம் சுழல்வதால் வைண்டிங்கில் எழும் வோல்டேஜ்) 1000 ஆர்பிஎம்மில் ஃபேஸ் உச்சம் 35 வோல்ட். 4 ஆம்பியர் கொடுத்து ஓப்பன் லூப்பில் (ரோட்டார் கோணம் பாராமல்) 200 ஆர்பிஎம் வரை ஏற்றி, அங்கே அப்சர்வர் (பேக் இஎம்எஃப்பிலிருந்து கோணத்தைக் கணிக்கும் கணக்கு) தரும் கோணத்துக்கு மாற்றுகிறேன். வெறும் மோட்டார் ஓடுகிறது. கன்வேயரை மாட்டினால் மாறியதுமே உதறி, ஓவர்கரண்ட் ட்ரிப். கோணம் அறிய உயர் அதிர்வெண் சிக்னலைச் செலுத்திப் பார்க்கும் ஹை ஃப்ரீக்வென்சி இன்ஜெக்‌ஷனுக்குப் போக வேண்டுமா?

பதில் 1
முதலில் 200 ஆர்பிஎம்மைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே பேக் இஎம்எஃப் 7 வோல்ட்தான். டெட் டைம் தின்பது 310 × 16000 × 0.000001, கிட்டத்தட்ட 5 வோல்ட். அப்சர்வருக்கு நீங்கள் கொடுப்பது அளந்த வோல்டேஜ் அல்ல, கட்டளை வோல்டேஜ் என்றால் அந்தக் கோணத்தை நம்பவே முடியாது. மின்னோட்டத்தின் குறியைப் பார்த்து டெட் டைம் ஈடு சேருங்கள். பூஜ்யத்தருகே ±0.3 ஆம்பியருக்குள் சாய்வாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரைச்சலில் குறி தாவும். மாற்றும் வேகத்தையும் 400 ஆர்பிஎம் ஆக்குங்கள்.

பதில் 2
அதோடு, லோடில் மட்டும் நிற்கிறது என்றால் என் முதல் சந்தேகம் வேகக் கட்டுப்பாட்டு பிஐ-யின் இன்டெக்ரேட்டர் (வேகப் பிழையைக் கூட்டிச் சேர்த்து வைக்கும் பகுதி) மேல்தான். ஓப்பன் லூப்பில் லோடு இல்லாதபோது மின்னோட்ட வெக்டர் ஏறக்குறைய டி அச்சிலேயே (ரோட்டார் காந்தத்தின் திசை) கிடக்கும், டார்க் இராது. லோடு ஏற ஏறத்தான் க்யூ அச்சை (அதற்குச் செங்குத்தான, டார்க் தரும் திசை) நெருங்கும். மாறும்போது இன்டெக்ரேட்டர் பூஜ்யத்தில் இருந்தால் வெறும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. கன்வேயருக்கோ டார்க் சட்டென்று அறுந்துபோகிறது. ரோட்டார் நின்றதும் பேக் இஎம்எஃப் இல்லை, கோணம் அலைகிறது, ட்ரிப்.

மாற்றுவதற்கு முன் 4 ஆம்பியரை மெல்லக் குறையுங்கள். ஓப்பன் லூப் கோணத்துக்கும் அப்சர்வர் கோணத்துக்கும் வித்தியாசம் குறைந்து 15 டிகிரி ஆனதும் குறைப்பதை நிறுத்துங்கள். அதற்கு மேலும் குறைத்தால் லோடில் சிறு உதறலுக்கே பிடி விட்டுப்போகும். அந்த நேரத்து மின்னோட்டம் × காஸ் 15-ஐ இன்டெக்ரேட்டரில் போட்டுவிட்டு மாற்றுங்கள். மிச்ச டி அச்சு மின்னோட்டத்தை 50 மில்லிசெகண்டில் இறக்கினால் போதும்.

பதில் 3
இன்ஜெக்‌ஷன் பற்றி: எல்சிஆர் மீட்டரை 1 கிலோஹெர்ட்ஸில் வைத்து, இரண்டு ஃபேஸ் வயர்களுக்கு இடையே அளந்தபடி ஷாஃப்டை மெல்லத் திருப்புங்கள். குறைந்த அளவு டி அச்சு இண்டக்டன்ஸின் இரு மடங்கு, கூடிய அளவு க்யூ அச்சினுடையது.

கேட்டவர்
11.8 முதல் 12.1 மில்லிஹென்றி வரை வருகிறது.

பதில் 3
வெறும் 2.5 சதவீதம் வித்தியாசம். இரண்டு அச்சுகளின் இண்டக்டன்ஸ் வித்தியாசத்தை வைத்துத்தான் அந்த முறை கோணத்தைக் கண்டுபிடிக்கிறது. இந்த மோட்டாரில் இன்ஜெக்‌ஷன் வேண்டாம், சிக்னல் இரைச்சலில் மூழ்கிவிடும். ஆனால் அப்சர்வரில் ஸ்டேட்டர் ரெசிஸ்டன்ஸை மாறிலியாக விடாதீர்கள். செம்பு டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும். 20-லிருந்து 95 டிகிரி போனால் 29 சதவீதம். 1.5 ஓம் வைண்டிங்கில் 4 ஆம்பியருக்கு 1.8 வோல்ட் பிழை. குளிர்ந்த மோட்டாரில் சரி செய்தது சூட்டில் மறுபடி நிற்கும்.