மாடுலேஷனுக்கு என்ன சொல்? (வெப்ப எக்கி இழை)

வணக்கம். வெப்ப எக்கி (ஹீட் பம்ப்) என்பது வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து, வீட்டைச் சூடாக்கக் குழாய்களில் ஓடும் தண்ணீருக்குத் தரும் எந்திரம். தேவைக்கேற்ப அது தன் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதை மாடுலேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். வந்த பதில் இது:

> வெப்ப எக்கியில் வரும் மாடுலேஷனுக்கும் பண்பேற்றம் என்றே எழுதலாமே. பாடநூலில் ஏற்கெனவே உள்ள சொல்தானே?

ஐயா, இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. வானொலிக்குப் பண்பேற்றம் பொருத்தமான சொல். அங்கே செய்தியைச் சுமந்து செல்லும் ஊர்தி அலையின் வீச்சையோ அதிர்வெண்ணையோ ஒரு செய்திக்கேற்ப மாற்றுகிறோம். அலைமீது ஒரு பண்பு ஏறுகிறது. வெப்ப எக்கியில் எதன்மீதும் எதுவும் ஏறவில்லை. வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறதோ, அதற்கேற்ப அமுக்கியின் (கம்ப்ரஸரின்) வேகம் கூடுகிறது, குறைகிறது. அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எக்கிக்குள் இருக்கும் இன்வெர்ட்டர், வரும் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, பிறகு அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி, வேண்டிய அதிர்வெண்ணில் மோட்டாருக்குக் கொடுக்கிறது. அந்த வெட்டலுக்குத் துடிப்பகலப் பண்பேற்றம் என்று பெயர். அங்கே அது சரியான சொல். நாம் பெயர் தேடுவதோ நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் நடக்கும் வேறொரு செயலுக்கு. ஒரே பெட்டிக்குள் நடக்கும் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் எங்கே போவார்?

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு எங்கள் புது வீடும் ஒரு காரணம். குடிவந்த முதல் குளிர்காலத்தில் எக்கி இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருந்தது. "இது ஓயவே மாட்டேங்குதே, கரண்ட் பில் எங்க போய் நிக்குமோ" என்று அம்மா இரவில் அணைத்துவிடுவார். காலையில் தரை சில்லிட்டுக் கிடக்கும். மறுபடி போட்டதும் எக்கி முழு வேகத்தில் சீறும். தண்ணீரை இன்னும் சூடாக்கும். அதுவும் போதாமல் துணைக்கு மின்சூடேற்றியும் சேர்ந்துகொள்ளும். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஓடுகிற எந்திரம் மின்சாரத்தைத் தின்னும், நின்ற எந்திரம் தின்னாது என்பதுதான் அவர் வாழ்நாள் முழுவதும் கண்டது.

கணக்கு வேறு மாதிரி. ஓர் எக்கி 3 கிலோவாட் வெப்பத்தை நாள் முழுக்கத் தருகிறது, அதன் செயல்திறன் குணகம், அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அது தரும் வெப்பம், 4.5 என்று கொள்வோம். வீட்டுக்கு 72 யூனிட் வெப்பம் கிடைக்கும். மின்சாரம் 16 யூனிட்தான் ஆகும். ஒரு 3 கிலோவாட் மின்சூடேற்றி அதே 16 யூனிட்டை ஐந்தரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிட்டு, 16 யூனிட் வெப்பம் மட்டுமே தரும். மெதுவாக ஓடும்போது எக்கிக்கு இன்னொரு நன்மையும் சேர்கிறது. வெப்பமாற்றிகளின் பரப்பு அப்படியே இருக்க, கடத்தவேண்டிய வெப்பம் குறைகிறது. அதனால் குளிர்பொருளுக்கும் (எக்கிக்குள் சுற்றி வெப்பத்தைச் சுமக்கும் பொருள்) தண்ணீருக்கும் இடையே பெரிய வெப்பநிலை வேறுபாடு தேவைப்படாது. அமுக்கி வெப்பத்தைத் தூக்கவேண்டிய வெப்பநிலை உயரம் தணிகிறது. தண்ணீரின் சூட்டை ஒரு பாகை குறைத்தாலே மின்செலவு ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு குறையும்.

ஆகவே, ஓயாமல் ஓடுவது கோளாறு இல்லை என்பதைச் சொல்லே உணர்த்த வேண்டும். என் முன்மொழிவு மட்டோட்டம். மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டற்ற மகிழ்ச்சி, மட்டுமீறிய ஆசை என்கிறோம். மாடுலேஷனின் வேரான இலத்தீன் மோடுஸ் என்பதற்கும் அளவு என்றே பொருள். ஒலி ஒத்துவருவது தற்செயல். பொருள் ஒத்துவருவதுதான் எனக்கு முக்கியம். கணிதத்திலும் மட்டு எண்கணிதம் என்று ஏற்கெனவே வழங்குகிறோம். முதலில் மட்டியக்கம் என்றுதான் எழுதினேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது "மட்டி" முன்னால் வந்து நின்றது, கைவிட்டேன்.

அன்புடன்.

---

வணக்கம் தம்பி.

நான் இந்த எக்கிகளை நிறுவிப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன். நாங்கள் பேசிக்கொள்வது "மெஷின் ஸ்லோவா ஓடுது", "கட்டாகிக் கட்டாகி ஓடுது". நீங்கள் முதலாவதற்குப் பெயர் தேடுகிறீர்கள். வீட்டுக்காரருக்கு அதிகம் தேவைப்படுவது இரண்டாவதற்கு.

எக்கியின் வேகத்துக்கு ஒரு கீழெல்லை உண்டு. 9 கிலோவாட் எக்கி 3 கிலோவாட் வரைதான் இறங்கும் என்று வையுங்கள். நன்றாக வெப்பக்காப்புச் செய்த புது வீட்டுக்கு, குளிர் அதிகமில்லாத நாளில் 1.5 கிலோவாட் போதும். மிச்சம் 1.5 கிலோவாட் தண்ணீரில் சேரும். தண்ணீர் 5 பாகை ஏறியதும் எக்கி நின்றுவிடும் என்று கொள்வோம். குழாய்களில் 100 லிட்டர் ஓடினால் அதற்கு 23 நிமிடம் ஆகும். பல அறைகளின் வால்வை மூடிவிட்டு 30 லிட்டர் மட்டும் ஓடவிட்டால் 7 நிமிடத்தில் எக்கி நின்றுவிடும். சற்று நேரத்தில் மறுபடி கிளம்பும். சிக்கனம் என்று நினைத்து அறைகளை மூடுகிறவர்கள் வீட்டில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். ஒவ்வொரு தொடக்கத்திலும் அமுக்கி தேய்கிறது. சீரான நிலைக்கு வருவதற்குள் நின்றும்விடுகிறது. தேவைக்கு மிஞ்சிய பெரிய எக்கியை வாங்கிவிட்டால் இதற்கு முழுத் தீர்வு கிடையாது.

இதற்கு நின்றோட்டம் என்று சொல்லலாமா? நின்று நின்று ஓடுவது.

மட்டோட்டத்தில் ஒரு குறை எனக்குத் தெரிகிறது. மட்டாகச் செலவழி என்றால் குறைவாகச் செலவழி என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். கடுங்குளிரில் எக்கி வேகத்தைக் கூட்டுவதும் மாடுலேஷன்தானே? அதை மட்டோட்டம் என்று எப்படிச் சொல்வது?

---

அக்கா, நின்றோட்டம் அருமையான சொல். விட்டோட்டம் என்று நான் எழுதி வைத்திருந்தேன். அதைக் கேட்டால் யாரோ எதையோ விட்டுவிட்டு ஓடிப்போன மாதிரி இருக்கிறது. உங்கள் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

மட்டோட்டம் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அகராதியில் மட்டு என்பது அளவாக இருக்கலாம். பேச்சில் "மட்டாக" என்பது கீழ்நோக்கித்தான் பார்க்கிறது. இரண்டு நாள் யோசித்ததில், மாடுலேஷனுக்கு அளவோட்டம் என்று வைக்கலாம் எனத் தோன்றுகிறது. கூடுவதும் குறைவதும் இரண்டுமே அளவுக்குள் வரும். "அளவோடு" என்று நாம் அன்றாடம் சொல்வதும் காதில் விழும். மட்டோட்டம், அந்த அளவோட்டத்தில் கீழெல்லையை ஒட்டி ஓடும் நிலைக்குப் பெயராக இருக்கட்டும். கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடைப்பட்டது ஓட்டவீச்சு.

வீட்டுக்காரர்களுக்கான கையேட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"இந்த எக்கி அளவோட்ட வகையைச் சேர்ந்தது. வெளியே குளிர் தணியும்போது மட்டோட்டத்தில் நாள் முழுக்க ஓடும்; அணைக்க வேண்டாம். மணிக்குப் பல முறை நின்று கிளம்பினால் அது நின்றோட்டம். மூடிய அறை வால்வுகளைத் திறந்து, தண்ணீரின் சூட்டைக் குறைத்துப் பாருங்கள்."

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "மட்டோட்டம்னா மெதுவா ஓடுறதுதானே, அதான் சத்தமே இல்ல" என்றார். அளவோட்டம்தான் அவருக்கு உடனே பிடிபடவில்லை. இரண்டாம் முறை விளக்க வேண்டியிருந்தது. அதற்கு இன்னும் நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன். வெளிப்பெட்டியில் படியும் உறைபனியை எக்கி தானே உருக்கிக்கொள்வதற்கும் ஒரு சொல் வேண்டும். அதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.

அன்புடன்.