வேர்டில் திறந்தால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தி ஆகிறது

கேள்வி:
120 பக்க உரைக் கோப்பு. ஒவ்வொரு வரியும் சுமார் 70 எழுத்தில் என்டரோடு முடிகிறது, பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி. வேர்டில் திறந்தால் வரிக்கு வரி ¶ (பத்தி முடிவுக் குறி). எழுத்தளவைக் கூட்டினால் வரிகள் கன்னாபின்னாவென்று மடங்குகின்றன. கையால் ஒட்டாமல் வழி உண்டா? திருத்தியபின் மறுபடி உரைக் கோப்பாக அனுப்ப வேண்டும். போன முறை தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது.

பதில் 1:
கன்ட்ரோல்+ஹெச் அழுத்தினால் தேடி மாற்றும் ஜன்னல் வரும். வேர்டில் ^ குறியோடு ஆங்கிலச் சின்ன பி சேர்ந்தால் பத்தி முடிவு என்று பொருள். கீழே ^பி என்று எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தைத் தட்டுங்கள்.

முதலில் ஸ்பேஸ்+^பி என்பதை ^பி ஆக்குங்கள், மாற்றியதாக வேர்டு காட்டும் எண்ணிக்கை இனிக் குறையாது என்னும்வரை திரும்பத் திரும்ப. பலரும் இதை விட்டுவிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: வெற்று வரியில் ஒரு ஸ்பேஸ் ஒளிந்திருந்தால் அடுத்த படி அதைப் பிடிக்காது, இரண்டு பத்திகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு ^பி^பி என்பதை @@@ ஆக்குங்கள் (கோப்பில் வேறெங்கும் வராத எந்தக் குறியானாலும் சரி). அடுத்து ^பி என்பதை ஒரு ஸ்பேஸாக. கடைசியில் @@@ என்பதை ^பி ஆக. நகலில் செய்யுங்கள்.

பதில் 2:
கவிதை, முகவரி இருந்தால் அவையும் ஒரே வரியாகிவிடும். @@@ போட்ட கையோடு அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்து ^பி என்பதை ^எல் (இதுவும் ஆங்கிலச் சின்ன எழுத்து) ஆக்கிவிடுங்கள். அது பத்தி முடியாத வரி முறிவு, அடுத்த படி அதைத் தொடாது.

லிப்ரேஆபீஸில் (வேர்டு போன்ற இலவச மென்பொருள்) இதற்கென்றே ஒரு வசதி உண்டு: ஆட்டோகரெக்ட் விருப்பங்களில் ஒற்றை வரிப் பத்திகளை இணைக்கும் தேர்வு. நீளம் 50 சதவீதத்துக்கு மேல் உள்ள வரிகளையே சேர்க்கும், ஆகவே குட்டித் தலைப்புகள் பெரும்பாலும் தப்பிக்கும்.

பதில் 3:
கேள்விக்குறிக்குக் காரணம் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கோப்பில் எண்களாகப் பதியும் முறை. மேற்கத்திய ஆன்சி குறியாக்கத்தில் தமிழுக்கு இடமே இல்லை, அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ? எழுதிவிடும். அந்தக் கோப்பிலிருந்து இனி எதையும் மீட்க முடியாது. மூலத்திலிருந்து திரும்பச் சேமியுங்கள்.

சேவ் ஆஸ், பிளெயின் டெக்ஸ்ட் கொடுத்ததும் ஒரு சின்ன ஜன்னல் வரும். விண்டோஸ் இயல்புநிலையில் தமிழ் சிவப்பாகத் தெரியும். எழுதப்படாது என்று அர்த்தம். 'வேறு குறியாக்கம்' தேர்ந்து யூடிஎஃப்-8 (தமிழுக்கும் இடமுள்ள குறியாக்கம்) வையுங்கள், சிவப்பு போய்விடும். வரி முறிவு சேர்க்கும் பெட்டியில் டிக் வேண்டாம், இல்லாவிட்டால் பழைய தொல்லை திரும்பும்.

டாக்எக்ஸ் கோப்பின் (வேர்டின் சொந்தக் கோப்பு வகை) பெயரை மட்டும் டிஎக்ஸ்டி என்று மாற்றாதீர்கள். அது ஒரு ஜிப் பொட்டலம். நோட்பேடில் திறந்து சேமித்தால் வேர்டிலும் திறக்காது.