வளவு வீடு குடும்பக் குழு: ஆணியில் காந்தம் ஏன் வரவில்லை?

மீனா, மாலை 6.12
அம்மான், நாளை பள்ளியில் மின்காந்தம் செய்து காட்ட வேண்டும். மூன்று அங்குல இரும்பு ஆணியில் எனாமல் பூசிய செம்புக் கம்பியை ஐம்பது சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் பேட்டரியில் வைத்துப் பிடித்தேன். ஒரு குண்டூசியைக்கூட அது இழுக்கவில்லை. அதே பேட்டரியை ஐயாவின் டார்ச்சில் போட்டால் டார்ச் நன்றாக எரிகிறது.

அம்மான், 6.15
கம்பியின் முனைகளை உப்புத்தாளால் தேய்த்தாயா?

மீனா, 6.16
இல்லை. கம்பி பளபளவென்றுதானே இருக்கிறது?

அம்மான், 6.21
அந்தப் பளபளப்புதான் எனாமல். ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் மின்சாரம் குறுக்கே போய்விடாமல் ஆணியைச் சுற்றிச் சுற்றியே ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அதைப் பூசியிருக்கிறார்கள். அதே பூச்சு முனையிலும் இருந்தால் மின்சாரம் கம்பிக்குள் நுழையவே வழியில்லை. பழுப்பு நிறம் போய்ச் செம்பின் வெளிர் நிறம் தெரியும் வரை, இரண்டு முனைகளையும் ஓர் அங்குல நீளத்துக்குத் திருப்பித் திருப்பித் தேய்.

அயித்தை, 6.23
மீனா, ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதே, கம்பி சூடேறிவிடும். சுவரில் இருக்கும் பிளக்கில் இந்தக் கம்பியை ஒருபோதும் வைக்கக் கூடாது. பேட்டரியில் இருப்பது 1.5 வோல்ட், சுவரில் இருப்பது 230 வோல்ட். அது உயிரைப் பறித்துவிடும்.

மீனா, 6.40
ஏழு குண்டூசிகள் கொத்தாகத் தொங்கின, அம்மான்! கம்பியை எடுத்ததும் ஐந்து விழுந்துவிட்டன, இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ஆயாவின் செம்புப் பானையில் காந்தம் ஒட்டுவதே இல்லை. அப்படியிருக்கச் செம்புக் கம்பியிலிருந்து காந்தம் எப்படி வந்தது?

அம்மான், 6.52
நல்ல கேள்வி. காந்தம் செம்பிலிருந்து வரவில்லை, செம்புக்குள் ஓடும் மின்சாரத்திலிருந்து வருகிறது. 1820இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் என்னும் அறிவியலாளர் மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே திசைகாட்டியை வைத்தபோது, வடக்கே காட்டிக்கொண்டிருந்த முள் விலகித் திரும்பியது. கம்பியைச் சுருளாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் காந்தப்புலமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ள, நடுவில் இருக்கும் இரும்பு அதைப் பல மடங்கு பெருக்கிக் கொடுக்கிறது. விழாத அந்த இரண்டு ஊசிகளுக்குக் காரணம் ஆணியின் இரும்பு. தேனிரும்பாக இருந்தால் காந்தம் பெரும்பாலும் உடனே போய்விடும், எஃகாக இருந்தால் கொஞ்சம் தங்கிவிடும்.

மீனா, 6.55
அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரம் வருமா?

ஐயா, 7.08
வரும், ஆத்தா. அதைத்தான் 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தார். காந்தத்தைச் சுருளுக்குள் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் நடக்காது. காந்தமோ சுருளோ அசைந்துகொண்டே இருந்தால்தான் மின்சாரம் பிறக்கும். நான் பள்ளத்தூரிலிருந்து கானாடுகாத்தானுக்கு இரவில் மிதிவண்டியில் வரும்போது சக்கரத்தில் உரசிச் சுழன்று மின்சாரம் தரும் டைனமோவின் விளக்குதான் வழி காட்டும். வேகமாக மிதித்தால் விளக்குப் பளிச்சென்று எரியும், ஏற்றத்தில் மெதுவானால் மங்கும், நின்றுவிட்டால் இருட்டுதான். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டாலே மிதிப்பது கனக்கும் என்பதை என் கால் இன்றும் மறக்கவில்லை.

மீனா, 7.10
ஏன் கனக்கிறது, ஐயா? அதற்குள் பேட்டரியும் இல்லையே?

ஐயா, 7.19
பேட்டரியில் வேதிவினை மின்சாரமாகிறது. அந்த வித்தைக்காகவே நம் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். டைனமோவிலோ வேதிப்பொருள் ஏதும் கிடையாது. உள்ளே காந்தம் சுழல்கிறது, சுற்றிலும் கம்பிச்சுருள் அசையாமல் நிற்கிறது. சுருளில் பிறக்கும் மின்சாரம் தானும் ஒரு காந்தமாகி, சுழலும் காந்தத்தைத் தடுக்கப் பார்க்கிறது. அந்தத் தடையை மீறி மிதிக்கிறோமே, அந்த உழைப்புதான் விளக்கில் வெளிச்சமாக வருகிறது.

அம்மான், 7.22
ஐயா சொன்னதை நீயே சோதித்துப் பார்க்கலாம். விளக்குக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு டைனமோவின் தலையை விரலால் சுழற்று, பிறகு மாட்டிவிட்டுச் சுழற்று. இரண்டாவது முறை விரலுக்குக் கூடுதல் பலம் வேண்டியிருக்கும்.

மீனா, 7.24
ஐயா, அந்த மிதிவண்டி இப்போது எங்கே இருக்கிறது?

ஐயா, 7.25
இரண்டாம் கட்டில், நெல் குதிருக்குப் பின்னால் நிற்கிறது. துருப்பிடித்த திருகாணிக்கு எண்ணெய் விட்டுவைக்கிறேன், விடிந்ததும் வந்து டைனமோவைக் கழற்றிக்கொண்டு போ.