பிள்ளைகளின் மெடிசேவும் பெற்றோரின் மருத்துவச் செலவும்: நமது அமைப்பு நியாயமானதா?

ஈசூன் மாறன்:

சிங்கப்பூரின் மருத்துவ அமைப்பை வெளிநாட்டார் புகழும்போதெல்லாம், குறைந்த அரசாங்கச் செலவில் நல்ல பலன் கிடைக்கிறது என்பதையே முதலில் சொல்கிறார்கள். அந்தச் சிக்கனத்தின் ஒரு பகுதி குடும்பங்களின் பையிலிருந்து வருகிறது என்பதுதான் என் வாதம்.

மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவ் 1984இல் தொடங்கியது. இன்று ஊழியரின் சம்பளத்தில், வயதைப் பொறுத்து, 8 முதல் 10.5 விழுக்காடு வரை மத்திய சேம நிதியின் அந்தக் கணக்கில் சேர்கிறது. சம்பளம் வாங்கியவருக்குத்தான் கணக்கில் பணம் இருக்கும். வாழ்நாள் முழுவதும் வீட்டைப் பார்த்துக்கொண்ட தாயின் கணக்கில் இருப்பது, பெரும்பாலும் அரசாங்கம் அவ்வப்போது நிரப்பிய தொகை மட்டுமே. அவர் மருத்துவமனையில் சேர்ந்தால், மானியமும் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படைக் காப்புறுதியும் போக எஞ்சியதைப் பிள்ளைகளின் மெடிசேவ் சுமக்கிறது. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது பகிரப்படும். ஒரே பிள்ளை உள்ள வீட்டில், அவருடைய சொந்த முதுமைக்கான சேமிப்பு கரையும். ஒரு சமுதாயமே பகிர வேண்டிய இடர், பிறந்த வீட்டின் ஆள்கணக்கைப் பொறுத்து அமைவது எப்படி நியாயமாகும்?

முகவரி விதியையும் பாருங்கள். மருந்தகக் கட்டணத்துக்கு மானியம் தரும் சாஸ் அட்டை நீலமா, ஆரஞ்சா, பச்சையா என்பது ஒரே முகவரியில் வசிக்கும் குடும்பத்தினரின் தலைக்கு இவ்வளவு என்ற வருமானக் கணக்கைப் பொறுத்தது. பெற்றோருடன் சேர்ந்து வசிக்க மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 30,000 வெள்ளி மானியம் தருகிறது. அப்படிச் சேர்ந்து வசித்த பிறகு, மகனின் சம்பளத்தால் தாயின் அட்டை, மானியம் குறைந்த நிறத்துக்கு மாறிவிடுகிறது. ஒரு கை கொடுப்பதை மறு கை எடுத்துக்கொள்கிறது.

தெம்பனிஸ் சுல்தானா:

மாறன் ஐயாவின் பதிவை முழுவதும் படித்தேன். பொது மருத்துவமனை ஒன்றின் அனுமதி முகப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் மறுப்பை எழுதுகிறேன்.

நோயாளி கையிலிருந்தும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது மெடிசேவுக்கும் முந்திய கொள்கை. 1960இலேயே வெளிநோயாளர் மருந்தகங்களில் வருகைக்கு 50 காசு வசூலிக்கத் தொடங்கிவிட்டார்கள். இலவசம் என்றால் வீணடிப்பு என்ற அந்த எண்ணத்தை நீங்கள் ஏற்காமல் இருக்கலாம். ஆனால் முகப்பில் நான் கண்டது அதற்குச் சாதகமாகவே இருந்தது. சேரும் நாளில் நிதி ஆலோசனைக்காகக் குடும்பத்தை உட்காரவைத்து, மானியம் அதிகமுள்ள சி வகுப்புப் படுக்கைக்கும் வசதி கூடிய பி1 வகுப்புக்கும் உத்தேசத் தொகையைக் காட்டுவோம். அம்மாவைப் பல படுக்கைகள் உள்ள அறையில் போடுவதா என்று மூத்த மகன் பி1 கேட்பார். பி1இல் மானியம் மிகக் குறைவு என்பதையும், வீடு திரும்பிய பிறகு தொடரும் நிபுணர் சந்திப்புகளும் மானியமில்லாத கட்டணத்தில்தான் அமையும் என்பதையும் விளக்கிய பிறகு, யாருடைய மெடிசேவிலிருந்து எடுப்பது என்ற பேச்சு வரும். கையொப்பமிட வேண்டிய நேரத்தில் இளையவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போவார். பாதிக் குடும்பங்கள் அங்கேயே மானியமுள்ள பி2 அல்லது சி வகுப்புக்கு மாறிவிடும். தம் பணம் என்பதால்தான் அந்த நிதானம் வருகிறது.

குடும்பத்துக்கு வெளியே பகிர்வே இல்லை என்பது போல எழுதியிருக்கிறீர்கள். 1990இல் வந்த பழைய மெடிஷீல்டில், ஏற்கெனவே நோய் இருந்தவருக்கு இடமில்லை. வயது வரம்பும் இருந்தது. 2015 நவம்பரில் வந்த மெடிஷீல்டு லைஃப் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரையும் ஆயுள் முழுவதும் சேர்த்துக்கொண்டது. கடுமையான நோயோடு வந்தவர்களிடம் 10 ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா வாங்கினார்கள், அவ்வளவுதான். அதற்கும் எட்டாதவர்களுக்கு 1993 முதல் மெடிஃபண்ட் என்ற அரசாங்க உதவி நிதி இருக்கிறது. மூத்தோருக்கு அரசாங்கம் வழங்கிய முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டைகள் வைத்திருப்போருக்கு வருமானத்தைப் பாராமலே சாஸ் மானியம் உண்டு. நீங்கள் சொல்லும் தாய் 1959 அல்லது அதற்கு முன் பிறந்து, உரிய காலத்துக்குள் குடியுரிமையும் பெற்றவர் என்றால், மகன் எவ்வளவு சம்பாதித்தாலும் அட்டை நிறம் அவரைத் தொடாது.

காக்கி புக்கிட் இளங்கோ:

இந்த வாதத்தில் வொர்க் பெர்மிட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களான எங்களைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன். எங்களுக்கு மெடிசேவும் இல்லை, மானியமும் இல்லை. முதலாளி எடுக்கும் மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 15,000 வெள்ளியாக இருந்தது; 2023 ஜூலையில் 60,000 ஆனது. முதல் 15,000 வெள்ளிக்கு மேற்பட்டதில் கால் பங்கை முதலாளி ஏற்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல், விடுதிகளில் இருப்போருக்கும் கட்டுமான, கப்பல் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் ஆரம்பநிலை மருத்துவத் திட்டமும் உண்டு. அதற்கும் முதலாளியே கட்டுகிறார். அறந்தாங்கியில் இருக்கும் என் தம்பி எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று இங்கே எந்த முகப்பிலும் யாரும் கேட்பதில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று திரட்டி நடத்த முடியும் என்பதற்கு நாங்களே சான்று.

தெம்பனிஸ் சுல்தானா:

தம்பி இளங்கோ, உங்கள் காப்புறுதி வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் அதுவும் போய்விடும். அதைக் குடிமக்களுக்கு முன்மாதிரியாகக் கொள்ள முடியாது.

ஈசூன் மாறன்:

தலைமுறை அட்டைகளைப் பற்றிச் சகோதரி சொன்னது சரி. ஆனால் 1959க்குப் பிறகு பிறந்தவர்களும் இப்போது 65ஐ எட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அந்த அட்டை இல்லை.

மேலும், போக்கு குடும்பத்தை நோக்கியே செல்கிறது. 2009இல் பொது மருத்துவமனைகளில் மானியத்தை முடிவு செய்யும் வசதிச் சோதனை வந்தபோது, நோயாளியின் சொந்த வருமானம் பார்க்கப்பட்டது. 2022 நவம்பர் முதல் பி2, சி இரண்டிலும் 50 முதல் 80 விழுக்காடு வரையிலான மானியம், குடும்பத்தின் தலா வருமானத்தை வைத்து முடிவாகிறது. வருமானமே இல்லாத முதியவர் ஒருவர் இதனால் மகனின் சம்பளச் சீட்டோடு கணக்கிடப்படுகிறார்.

நிதானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் விவரித்த காட்சியில் குடும்பம் நிதானமடைந்தது வகுப்பைத் தேர்ந்தெடுப்பதில், சிகிச்சையில் அல்ல. மாரடைப்பு வந்தவருக்கு எத்தனை ஸ்டென்ட் என்பதை முகப்பில் நிற்கும் மகன் முடிவு செய்வதில்லை. நிதானம் உண்மையில் கெட்ட இடம் தனியார் காப்புறுதி. மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் தனியார் நிறுவனங்கள் விற்கும் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டங்களோடு விற்கப்பட்ட ரைடர்கள் எனும் கூடுதல் காப்புறுதிகள் முழுத் தொகையையும் ஏற்றதால் செலவு ஏறியது. புதிய ரைடர்களில் குறைந்தது 5 விழுக்காட்டை நோயாளியே கட்ட வேண்டும் என்ற விதி 2019 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. வசதியுள்ளவர் அனுபவித்த தளர்வை விட்டுவிட்டு, பலதுறை மருந்தகத்தில் நீரிழிவு மாத்திரைக்கு வரிசையில் நிற்பவரிடம் கட்டுப்பாட்டைப் போதிப்பது எனக்கு உறுத்துகிறது. நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே. நாட்பட்ட நோய்க்கு மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 500 வெள்ளி, சிக்கலான நிலை என்றால் 700 வெள்ளி என வரம்பு வைத்திருக்கிறார்கள். சொந்தப் பணம் என்கிறீர்கள். எடுக்கும் வரம்போ அவர்கள் வைத்தது.

தெம்பனிஸ் சுல்தானா:

வரம்பு இல்லாவிட்டால் ஐம்பது வயதிலேயே கணக்கு காலியாகிவிடும். பிறகு அதே பிள்ளைகளிடம்தான் போய் நிற்க வேண்டும்.

ரைடர் விஷயத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜியை நீங்கள் ஏன் தொடவே இல்லை? 40 வயதைக் கடந்தவர் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்கிறார். அவரைக் கவனிக்க மருத்துவருக்கு அரசாங்கம் ஆண்டுக் கட்டணம் தருகிறது. சிங்ஹெல்த், தேசியச் சுகாதாரக் குழுமம், தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் கட்டமைப்பு என்ற மூன்று குழுமங்களுக்கும், செய்த சிகிச்சைக்கு இவ்வளவு என்பதை விட்டு, தத்தம் வட்டாரவாசிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று நிதி தரும் முறை வருகிறது. அது நீங்கள் கேட்கும் சமுதாயப் பகிர்வேதான், வரிப் பணத்திலிருந்து. பிரிட்டன் 1948 முதல் தன் மருத்துவச் சேவையைப் பெரும்பாலும் வரியில் நடத்துகிறது. அங்கே அறுவை சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஈசூன் மாறன்:

வரியைப் பற்றிப் பேசுவதென்றால், 2024இல் பொருள் சேவை வரியை 9 விழுக்காடாக உயர்த்தியபோது, மூத்தோரின் மருத்துவச் செலவைத்தானே முக்கியக் காரணமாகச் சொன்னார்கள்? அதைக் கட்டுகிறோம். 2025 ஏப்ரல் முதல் மூன்றாண்டுகளில் சராசரியாக 35 விழுக்காடு ஏறும் மெடிஷீல்டு லைஃப் சந்தாவையும், தற்காலிக உதவிகள் போக, கட்டுகிறோம். நான் மெடிசேவை ஒழிக்கச் சொல்லவில்லை. 65 வயதைக் கடந்த பெற்றோரை, யாருடன் வசித்தாலும், தனிக் குடும்பமாகக் கணக்கிடுங்கள் என்பதே என் கோரிக்கை.

தெம்பனிஸ் சுல்தானா:

சாஸ் அட்டைக்கு மட்டும் என்றால் நானும் உங்களோடு எழுதிக் கொடுக்கிறேன். நாட்பட்ட நோய்க்கு மாதாமாதம் போகும் செலவு அது. மருத்துவமனைப் படுக்கைக்கு என்றால் சம்மதியேன். மகனின் தனியார் வீட்டில் வசிப்பவருக்கும் சி வகுப்பில் 80 விழுக்காடு மானியம் உறுதி என்றால் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். அப்போது ஓரறை வாடகை வீட்டிலிருந்து வரும் பாட்டிக்கு அந்த வகுப்பில் படுக்கை எப்போது கிடைக்கும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்லுங்கள் ஐயா.